நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன்: டத்தோ கெராமாட்டில் ஒரு குடும்ப ஆலோசனை மையம்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், டத்தோ கெராமாட் வட்டாரத்தில், கடைவீடு ஒன்றின் மேல்மாடியில் தன்னார்வலர்கள் நடத்தும் இம்மையத்துக்கு என் அக்காள் மகனுக்காகச் சென்றோம். மூன்றாம் படிவம் படிக்கும் அவன் பள்ளிக்கு மட்டம் போடுவான். சில இரவுகளில் வீடு திரும்பமாட்டான். திருட்டோ அடிதடியோ அவன்மீது இல்லை. இருந்தும், அவனைக் கோர்ட்டில் ஒப்படைத்துவிடுவதென்று அக்காளும் அவர் கணவரான மாமாவும் முடிவெடுத்திருந்தனர்.

ஆலோசகர் பையனை வெளியே அமர்த்திவிட்டு, முதலில் பெற்றோரிடம் மலேசியாவின் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 46ஆவது பிரிவை விளக்கினார். பிள்ளை தங்கள் கட்டுக்கு அடங்கவில்லை, தீய சகவாசத்தில் விழுந்துவிட்டான் என்று பெற்றோரே எழுத்து மூலம் கேட்டுக்கொண்டால், சிறார் நீதிமன்றம் விசாரித்து, நன்னடத்தை அதிகாரியின் அறிக்கை பெற்று, அவனைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பக்கூடும். மேற்கொண்டு விசாரிக்க வேண்டுமெனக் கருதினால், அதுவரை நன்னடத்தை விடுதியில் தங்கவைக்கவும் கூடும். இந்த வழியைத் திறப்பது பெற்றோரின் கடிதமே என்பதை அதுவரை அக்காளிடம் யாரும் சொன்னதில்லை.

இந்த வெளிப்படையான பேச்சுக்காகவே மையத்தை மதிக்கிறேன். நீதிமன்றத்துக்குள் போய்விட்டால் என்ன ஆகலாம் என்பதற்கு அமெரிக்கா ஓர் எடுத்துக்காட்டு. அங்கே, மட்டம் போடுதல், வீட்டை விட்டு ஓடுதல் போன்றவற்றுக்காகச் சிறாரை அடைத்து வைக்கக் கூடாதென்று 1974ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டம் அதன் கீழ் நிதி பெறும் மாநிலங்களுக்கு நிபந்தனை விதித்தது; ஆனால் நீதிமன்ற உத்தரவை மீறியவர்களுக்கு 1980இல் விதிவிலக்கு வந்ததால், முன்பு அடைக்க முடியாத பிள்ளையை அந்த உத்தரவைக் காட்டியே அடைக்க முடிந்தது. நீதிமன்றப் படியேறிய பிறகு இறங்குவது அவ்வளவு எளிதல்ல.

பையனிடம் தனியே பேசியபோதுதான் காரணம் தெரிந்தது: தமிழ்ப்பள்ளி முடித்துப் புகுமுக வகுப்பில் (முதலாம் படிவத்துக்கு முந்தைய ஓராண்டு வகுப்பு) இருந்த காலம் முதலே மலாய்மொழிப் பாடங்கள் அவனுக்குப் பிடிபடவில்லை, அந்த வெட்கத்தை மறைக்கவே வகுப்பைத் தவிர்த்திருக்கிறான். வீடு திரும்பும் நேரம், மலாய் டியூஷன், மாமா கத்தாமல் பேசுவது ஆகிய மூன்றையும் தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்திட்டோம். இப்போது இரவில் வீட்டில் இருக்கிறான். பள்ளிக்கு இன்னும் ஒழுங்காகப் போவதில்லை.

குறைகளும் உண்டு. தமிழ் பேசும் ஆலோசகர் சனிக்கிழமை மட்டுமே வருகிறார். பள்ளியின் கட்டொழுங்கு ஆசிரியரோடு பேச மையத்தில் ஆளில்லை, அந்த அலைச்சல் முழுவதும் குடும்பத்தின் தலையில்தான். கட்டணம் இல்லை, விரும்பியதை உண்டியலில் போடலாம். செல்பவர்கள் முன்பதிவு செய்துகொண்டு, பள்ளி அனுப்பிய எச்சரிக்கைக் கடிதங்களின் நகல்களையும் எடுத்துச் செல்லுங்கள். ஆலோசகர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.