ப்ரூன்ஸா, கொய்யாவா, பேரீச்சையா: மாதவிடாய் நின்ற பிறகு எலும்புக்கும் கொலஸ்ட்ரோலுக்கும் எந்தப் பழம்?

திருகோணமலைக் கடைகளில் "பிளம்ஸ்" என்று கேட்டால் கையில் வருவது காய்ந்த முந்திரிகை, அதாவது திராட்சை வற்றல்தான். பாயாசத்துக்கும் கேக்குக்கும் போடுகிற அதே பிளம்ஸ். மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்புக்கு நல்லதென்று ஆய்வுகளில் பேசப்படும் பழம் அதுவல்ல. அது ப்ளம் மரத்துப் பழத்தை முழுதாகக் காயவைத்தது. கறுத்துச் சுருங்கி, கொழுத்த பேரீச்சம்பழம் போலிருக்கும். பக்கெட்டில் "ப்ரூன்ஸ்" என்று எழுதியிருக்கும். பெயர் மாறி முந்திரிகையை அள்ளித் தின்றால் உடம்பில் சேர்வது சீனிதான். ஆகவே கடையில் "ப்ரூன்ஸ்" என்றே கேளுங்கள்.

எலும்பும் கொலஸ்ட்ரோலும் ஏன் ஒரே வயதில் சேர்ந்து தொல்லை தருகின்றன? ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோன் உடம்பில் இருந்த காலமெல்லாம் எலும்பைக் கரைக்கும் செல்களை அடக்கி வைத்திருந்தது. இரத்தத்திலிருந்து எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரோலை ஈரல் இழுத்தெடுக்கவும் அது துணை நின்றது. மாதவிடாய் நிற்கும்போது இரண்டு வேலையும் ஒன்றாகத் தளர்கின்றன. அதனால்தான் சாப்பாட்டில் ஒரு மாற்றமும் இல்லாமலே ஐம்பது வயதையொட்டிக் கொலஸ்ட்ரோல் ஏறுகிறது; முதல் சில ஆண்டுகளில் எலும்பும் வேகமாகத் தேய்கிறது. பழம் ஒன்றால் இதை முழுதாகத் தடுக்க முடியாது. எந்தப் பழம் எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு கைகொடுக்கும் என்பதுதான் கேள்வி.

என் தெரிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ப்ரூன்ஸ், நாளுக்கு 50 கிராம். கொய்யாவை அதற்கு அடுத்த இடத்தில் வைப்பேன். கொலஸ்ட்ரோலைக் குறைக்க வேறு வழிகள் பல உண்டு: சொதியில் கட்டிப்பாலைக் குறைக்கலாம், நடக்கலாம், தேவையானால் வைத்தியர் குளுசை தருவார். எலும்பு என்று வந்தால், மனிதரில், அதுவும் மாதவிடாய் நின்ற பெண்களில், ஓராண்டு முழுதும் தின்னக் கொடுத்து எலும்பின் அடர்த்தியை அளந்து பார்த்த சான்று ப்ரூன்ஸுக்கு இருப்பதுபோல நம்மூர்ச் சந்தையில் குவிந்திருக்கும் எந்தப் பழத்துக்கும் இல்லை.

அந்தச் சான்று இதுதான். 2011இல் வெளிவந்த புளோரிடா அரச பல்கலைக்கழக ஆய்வில் ஒரு குழுவினர் நாளுக்கு 100 கிராம் ப்ரூன்ஸும் மறு குழுவினர் 75 கிராம் காய்ந்த அப்பிளும் ஓராண்டு தின்றார்கள். இரு குழுவுக்கும் 500 மில்லிகிராம் கல்சியமும் விற்றமின் டி-யும் சேர்த்தே கொடுக்கப்பட்டன. ப்ரூன்ஸ் தின்றவர்களுக்கு முன்கை எலும்பிலும் முதுகெலும்பிலும் அடர்த்தி அப்பிள் குழுவைவிட மேலாக இருந்தது. 2022இல் பென்சில்வேனியா அரச பல்கலைக்கழகம் 235 பெண்களைக் கொண்டு இன்னொரு ஆய்வை வெளியிட்டது. அதில் ப்ரூன்ஸ் தின்னாதவர்களின் இடுப்பெலும்பு அடர்த்தி ஓராண்டில் 1.1 சதவீதம் இறங்கியது; நாளுக்கு 50 கிராம் தின்றவர்களுக்கு 0.3 சதவீதத்தோடு நின்றது. எண்ணைப் பார்த்தால் சிறிதுதான். ஆனால் தேய்மானம் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போவது என்பதை நினைத்தால் அந்த வித்தியாசம் பெறுமதியானது.

இங்கே சிலவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டாவது ஆய்வுக்குப் பணம் கொடுத்தது கலிபோர்னியாவின் ப்ரூன்ஸ் வாரியம். இரண்டும் அமெரிக்கப் பெண்களில் நடந்தவை. சோறும் மீனும் தேங்காய்ப்பாலும் உண்ணும் நம் பெண்களில் நடந்தவையல்ல. அளந்தது எலும்பின் அடர்த்தியை. எலும்பு முறிவு குறைந்ததென்று இவை காட்டவில்லை. இவ்வளவும் தெரிந்த பிறகும் என் தெரிவு மாறவில்லை, ஏனென்றால் மற்றப் பழங்களுக்கு இந்த அளவு சான்றுகூடக் கிடையாது.

ப்ரூன்ஸை ஏற்பதா விடுவதா என்பதைத் தீர்மானிப்பது உண்மையில் வேறொன்று: ஓராண்டு, ஈராண்டு, ஐந்தாண்டு விடாமல் தின்ன முடியுமா? 2022 ஆய்வில் நாளுக்கு 100 கிராம் தின்னச் சொன்ன குழுவில் 41 சதவீதமானோர் இடையிலேயே விலகிவிட்டார்கள். 50 கிராம் குழுவில் விலகியவர்கள் 15 சதவீதம்தான். ஆகவே "கூடத் தின்றால் கூட நல்லது" என்ற எண்ணம் இங்கே எடுபடாது.

விலகக் காரணமாகும் முதலாவது வில்லங்கம் வயிறு. 100 கிராம் ப்ரூன்ஸில் 7 கிராம் நார்ச்சத்தும், அதைவிட இருமடங்கு சோர்பிட்டோல் என்ற ஒருவகைச் சீனிப்பொருளும் இருக்கின்றன. சோர்பிட்டோல் முழுதாக உறிஞ்சப்படாமல் பெருங்குடல் வரை போய், தண்ணீரை இழுத்து, புளித்து, வாயுவாகிறது. முதல் நாளே ஆறு பழம் தின்றால் வயிறு ஊதி, இளகிப் போகும். மூன்றாம் நாள் பக்கெட் அலுமாரிக்குள் போய்விடும். அதனால் படிப்படியாக ஏற்றுங்கள். முதல் வாரம் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, மாலையில் ஒன்று. இரண்டாம் வாரம் மூன்று அல்லது நான்கு. மூன்றாம் வாரத்திலிருந்து ஐந்து அல்லது ஆறு. விதை நீக்கிய ஒரு பழம் 8 முதல் 10 கிராம் இருக்கும். சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்தால் உங்கள் பக்கெட்டில் எத்தனை பழம் 50 கிராம் என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் ஒரு கிளாஸ் தண்ணீர் குடியுங்கள். கந்தசஷ்டி போன்ற விரத நாட்களில் வெறும் வயிற்றில் ஐந்தாறை ஒன்றாகத் தின்ன வேண்டாம். அன்று இரண்டு போதும், அதுவும் பாலுக்குப் பிறகு.

இரண்டாவது வில்லங்கம் செலவு. விலையைக் கேட்பதற்கு முன் கணக்கைப் பாருங்கள். நாளுக்கு 50 கிராம் என்றால் மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. 250 கிராம் பக்கெட்டில் ஆறு. ஆண்டுக்கு 73 பக்கெட். இறக்குமதிப் பொருள் என்பதால் டொலர் ஏறினால் இதுவும் ஏறும். அந்த 73 பக்கெட்டின் விலை வீட்டுச் செலவுக்குள் அடங்குமானால் தொடங்குங்கள். மீனையும் பாலையும் குறைத்துத்தான் வாங்க வேண்டுமென்றால் வேண்டாம். அந்தப் பணத்துக்கு மீன்தான் எலும்புக்குக் கூடுதல் நன்மை செய்யும். காசுக்காக நாளுக்கு இரண்டு பழமாகக் குறைப்பவர்களுக்கு ஒன்று: மேலே சொன்ன ஆய்வுகளில் 50 கிராமுக்குக் குறைந்த அளவு பார்க்கப்படவில்லை. மலச்சிக்கலுக்கு அந்த இரண்டு உதவும். எலும்புக் கணக்கில் அதைச் சேர்க்க முடியாது.

மூன்றாவது, வைத்துப் பாதுகாப்பது. நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் திறந்த பக்கெட் ஒரு வாரத்தில் பிசுபிசுத்துவிடும், எறும்பு ஏறும், சிலவேளை வெள்ளையாகப் பூஞ்சணம் பிடிக்கும். திறந்ததும் காய்ந்த கண்ணாடிப் போத்தலில் கொட்டி, இறுக மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஈரக் கரண்டி போடக் கூடாது. பழத்தின் மேல் தானாகவே சீனி படிந்து வெண்மையாகத் தெரிவதும் உண்டு. வெந்நீரில் கரைந்தால் அது சீனி. பஞ்சுபோல் மயிராக நின்றால் பூஞ்சணம், போத்தலோடு எறிந்துவிடுங்கள். வாங்கும்போது சீனி சேர்க்காததா என்று பக்கெட்டின் பின்புறத்தைப் பாருங்கள். ப்ரூன்ஸ் ஜூஸ் வேண்டாம். வடிகட்டும்போது நார்ச்சத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது.

50 கிராமில் ஏறத்தாழ 120 கலோரியும் 19 கிராம் சீனியும் உண்டு. ஆகவே மற்றச் சாப்பாட்டுக்கு மேலாக இதைச் சேர்க்காமல் ஏதாவதொன்றுக்குப் பதிலாக வையுங்கள். மாலைத் தேத்தண்ணிக்கு இரண்டு தேக்கரண்டிச் சீனியும் நாலு பிஸ்கட்டும் என்ற பழக்கம் இருந்தால், தேத்தண்ணியை வெறுமையாக்கி, பிஸ்கட்டுக்குப் பதில் ப்ரூன்ஸைக் கடித்துக் குடிக்கலாம். பனங்கட்டி கடித்துக் குடித்துப் பழகியவர்களுக்கு இது கஷ்டமாக இராது. நீரிழிவு உள்ளவர்களுக்கு ப்ரூன்ஸ் இரத்தச் சீனியை மெதுவாகத்தான் ஏற்றும். ஆனாலும் இரண்டு அல்லது மூன்று பழமாகப் பிரித்துத் தின்பதே சரி.

இனிக் கொய்யா. கொலஸ்ட்ரோல் பக்கத்தில் இது ப்ரூன்ஸை முந்துகிறது என்றே நினைக்கிறேன், ஆனால் அது நேரடிச் சான்றல்ல, ஊகம். முன்சொன்ன முதல் ஆய்விலேயே காய்ந்த அப்பிள் தின்றவர்களுக்கு ஆறு மாதத்தில் எல்.டி.எல். தொடங்கிய அளவிலிருந்து ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இறங்கியது. இரு குழுவையும் நேருக்கு நேர் ஒப்பிட்டபோது அந்த மேன்மை அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அப்பிளில் வேலை செய்வது பெரும்பாலும் பெக்டின் என்ற கரையும் நார். அது குடலில் பித்தத்தைப் பிடித்து வெளியேற்றுகிறது. புதுப் பித்தம் செய்ய ஈரல் இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ரோலை எடுக்க வேண்டியதாகிறது. கொய்யாவிலும் பெக்டின் நிறைய உண்டு; ஜெலி இறுகுவது அதனால்தான். 75 கிராம் காய்ந்த அப்பிளில் உள்ள மொத்த நார்ச்சத்து 120 கிராம் கொய்யாவில் கிடைத்துவிடும், அதாவது நடுத்தரப் பழம் ஒன்று. இறக்குமதி அப்பிளுக்குக் கொடுக்கும் காசில் கொய்யா பல மடங்கு வரும்.

கொய்யாவைத் தோலோடு தின்ன வேண்டும். முழுதும் மஞ்சளாகி மணக்கும் பழத்தில் புழு இருக்க வாய்ப்புக் கூட; வெட்டிப் பார்த்தே கடியுங்கள். அரைப்பழமாக, பச்சை வெளிறும் நேரத்தில் வாங்குவது நல்லது. உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்னும் பழக்கத்தை விடுவது பிறசர் உள்ளவர்களுக்குக் கட்டாயம். உப்புக் கூடினால் சிறுநீரோடு கல்சியம் வெளியேறுவதும் கூடும் என்பதால் எலும்புக்கும் நல்லதல்ல. கொய்யாவின் பெரிய குறை விதை. கட்டுப்பல் போட்டவர்களுக்கும் பல் ஆடுபவர்களுக்கும் அது வேதனை. அவர்கள் நடுச் சதையைக் கரண்டியால் வழித்தெடுத்துவிட்டு, சுற்றுச் சதையைத் தோலோடு சீவலாகச் செதுக்கித் தின்னலாம்.

பேரீச்சைக்கு நீண்ட பேச்சுத் தேவையில்லை. நோன்புக் காலத்தில் கிண்ணியாவிலும் மூதூரிலும் வீடு வீடாக இருக்கும் பழம், கைக்கு எளிது, நாரும் உண்டு. ஆனால் 100 கிராமில் 60 கிராமுக்கு மேல் சீனி; எலும்புக்கு ப்ரூன்ஸ் அளவு சான்றும் இல்லை. நோன்பு திறக்க மூன்று தின்பது சரி, ப்ரூன்ஸுக்குப் பதிலாக நாளும் 50 கிராம் தின்பது சரியல்ல.

பப்பாப்பழமும் வாழைப்பழமும் நல்ல பழங்கள், ஆனால் இந்தக் கேள்விக்கு அவற்றில் தனிச் சிறப்பில்லை. விளாம்பழத்தில் மற்றப் பழங்களைவிடக் கல்சியம் கூட. அதைச் சீனியும் தேங்காய்ப்பாலும் விட்டுக் கரைத்துக் குடித்தால் கொலஸ்ட்ரோல் பக்கம் இழப்பாகிவிடும்.

கல்சியம் என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஐம்பது தாண்டிய பெண்ணுக்கு நாளுக்கு 1200 மில்லிகிராம் கல்சியம் வேண்டும் என்பது பரவலான பரிந்துரை. 50 கிராம் ப்ரூன்ஸில் கிடைப்பது 20 மில்லிகிராம் அளவுதான். ஆகவே பழம் எதுவானாலும் முள்ளோடு தின்னும் நெத்தலியும், முருங்கையிலை வறையும், குரக்கன் புட்டும், தயிரும் தட்டில் இருக்க வேண்டும். குரக்கன் மா 100 கிராமில் 340 மில்லிகிராம் வரை உண்டு. தம்பலகாமத்து எருமைத் தயிரைக் கைவிட வேண்டியதில்லை. கொலஸ்ட்ரோல் கூடியவர்கள் மேலே கட்டியாக நிற்கும் ஆடையை நீக்கிவிட்டு, கித்துள் பாணி விடாமல் சாப்பிடட்டும்.

சிலர் ப்ரூன்ஸைத் தொடங்குமுன் வைத்தியரிடம் கேட்டே ஆக வேண்டும். சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு ப்ரூன்ஸ், பேரீச்சை, வாழை மூன்றிலும் பொட்டாசியம் கூட. காமரங்காயும் பிலிம்பிக்காயும் அவர்களுக்கு அறவே கூடாது. அவற்றின் ஒக்சலேட் சிறுநீரகத்தையே அடைத்துவிடும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு ப்ரூன்ஸில் உள்ள விற்றமின் கே இடையூறு செய்யலாம். தின்பதானால் நாளும் ஒரே அளவு, கிளினிக்கில் சொல்லிவிட்டு. கொலஸ்ட்ரோலுக்கு சிம்வாஸ்டாட்டின் அல்லது அட்டோர்வாஸ்டாட்டின் எடுப்பவர்கள் கிரேப்ஃபுருட்டைத் தவிர்க்க வேண்டும். அதன் இனமான ஜம்போலாவையும் ஒதுக்கிவிடுவது பாதுகாப்பு. மருந்து இரத்தத்தில் அளவுக்கு மேல் தங்கித் தசைநோவு தரக்கூடும்.

எலும்புத் தேய்வுக்கு வாரம் ஒரு அலென்ட்ரோனேட் குளுசை எடுப்பவர்கள் அதைத் தோடம்பழச் சாற்றோடோ கோப்பியோடோ விழுங்கினால் உடம்பில் சேரும் மருந்து பாதிக்கும் கீழாகக் குறைந்துவிடும். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் வெறும் தண்ணீரோடு விழுங்கி, படுக்காமல் அரை மணிநேரம் நிமிர்ந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகே சாப்பாடு. ப்ரூன்ஸ் அந்தச் சாப்பாட்டுக்கும் பிறகு.