ஆல்கனின் நிலவொளிப் பந்தயம்: நான்கு அச்சோவியங்கள்

ஹென்றி ஆல்கன் வரைந்து, ஜான் ஹாரிஸ் தகட்டில் செதுக்கி, ஆக்கர்மன் 1839-இல் வெளியிட்ட ‘பதிவில் உள்ள முதல் ஸ்டீப்பிள்சேஸ்’ (தேவாலயக் கோபுரத்தை இலக்காக வைத்து வேலிகளைத் தாண்டி ஓடும் குதிரைப் பந்தயம்) வரிசையின் நான்கு படங்களையும் லண்டனில் பழைய அச்சோவியங்கள் விற்கும் ஒரு கடையில் வாங்கினேன். இங்கிலாந்தின் இப்ஸ்விச் முகாமின் குதிரைப்படை அதிகாரிகள் சீருடைக்கு மேல் வெள்ளை இரவு அங்கியும் குல்லாயும் அணிந்து, நிலவொளியில் வேலிகளைத் தாண்டி நாக்டன் தேவாலயத்தை நோக்கிப் பாயும் காட்சி இன்றும் கண்ணை இழுத்து நிறுத்துகிறது.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். கடையின் குறிப்பு இவற்றை 1839-ஆம் ஆண்டு அச்சு என்கிறது. அந்த ஆண்டு தகட்டிலேயே பொறிக்கப்பட்டிருப்பதால், பல பத்தாண்டுகள் கழித்து எடுத்த படியிலும் அது அப்படியே விழும் என்பது இத்தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாததல்ல. எனக்குக் கிடைத்த தாளில், தாள் செய்யும்போதே பதியும் அடையாளமான நீர்க்குறி இல்லை. தகடு தேய்ந்ததால் வானத்தில் மென்மணல்போல் தெரிய வேண்டிய அக்வாடின்ட் (தகட்டை அமிலத்தால் அரித்து நிழல் சாயல் தரும் முறை) துகள்கள் மங்கி, மேகங்கள் தட்டையாகக் கிடக்கின்றன. கையால் தீட்டிய நீல வண்ணம் ஒரு வீரரின் குல்லாய்க் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கிறது. மறுபதிப்பு என்று சொல்லி, அதற்குரிய விலைக்கே விற்றிருக்க வேண்டும்.

ஆயினும் இந்தப் பிற்காலப் படிகளுக்கென்று ஒரு மதிப்பு உண்டு. தம் குதிரையைக் குதிரை ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸைக் கொண்டு எண்ணெய் வண்ணத்தில் வரையச் செய்யும் வசதி பிரபுக்களுக்கு இருந்தது. அச்சோவியங்களோ பிரபுக்களின் குதிரையும் வேட்டையுமான வாழ்க்கையைச் சிறு நிலக்கிழார், வணிகர், விடுதிக்காரர் ஆகியோரின் சுவர்களுக்கும் கொண்டுசென்றன. முயலையும் கௌதாரியையும் வேட்டையாடும் உரிமைகூட 1831-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை நிலவுடைமையையே பொறுத்திருந்தது. 1870-களுக்குப் பின் அமெரிக்கத் தானியம் மலிவாக வந்து குவிந்து குத்தகை வருமானம் சரிந்தது. 1894-இல் வாரிசுச் சொத்து வரி கடுமையானது. முதல் உலகப் போருக்குப் பின் பண்ணைகள் பெருமளவில் விலைக்கு வந்தன. பழைய குடும்பங்களின் மாளிகைகளை வாங்கிக் குடியேறிய ஆலை முதலாளிகளும் வங்கியாளர்களும் அந்தக் குடும்பங்களின் சுவர்ப்படங்களையும் சேர்த்தே விரும்பினார்கள். தேய்ந்த தகடுகளை மீண்டும் மீண்டும் அச்சேற்ற வைத்தது அந்த விருப்பம்தான் என்று நான் கருதுகிறேன்.

வாங்க விரும்புவோர் படத்தை மரச் சட்டகத்திலிருந்து வெளியே எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நீர்க்குறியில் சில வேளை ஆண்டும் தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் சீரான புள்ளி வரிசை தென்பட்டால், அது புகைப்பட முறையில் அச்சிட்ட நகல். அதற்குப் பழம்பொருளின் விலை கொடுக்கத் தேவையில்லை.