நெல்லைச் சீமைப் பள்ளிக்குக் கணினி அறிவியல்: அட்டையா, பழைய டெஸ்க்டாப்பா, ராஸ்பெரி பையா?

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் "புள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்கியளா சார்?" என்று கேட்டால், பெரும்பாலும் "குடுக்கோம்லா" என்றுதான் பதில் வரும். வேர்டில் பெயரை அடித்து எழுத்தைப் பெரிதாக்குவது, பெயிண்டில் தேசியக் கொடி வரைவது எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். கணினியைப் பயன்படுத்தத் தெரிவது வேறு, கணினி அறிவியல் வேறு. இங்கிலாந்திலும் இதே கூத்து நடந்தது. அலுவலக மென்பொருளையே பாடமாக நடத்துகிறார்கள் என்று அங்குள்ள அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டி 2012 ஜனவரியில் அறிக்கை விட்டது. 2014 செப்டம்பரில் பழைய ஐ.சி.டி. (தகவல் தொடர்புத் தொழில்நுட்பம்) பாடம் போய், 5 வயதிலிருந்தே கம்ப்யூட்டிங் பாடம் வந்தது. நம் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுத்த பிள்ளைக்குப் பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தான் என்று இரண்டு நிரல்மொழிகள். நல்ல பாடங்கள்தான். ஆனால் நிபந்தனை, சுழற்சி, வரிசைப்படுத்துதல் எதுவும் காதில் விழாமல் பத்து முடித்த பிள்ளை சி++ நிரலை மனப்பாடம்தான் செய்யும்.

ஆகவே ஆறாம் வகுப்பிலிருந்தே கேட்க வேண்டும். எதைக் கேட்பது என்பதில்தான் குழப்பம். நன்கொடை தருகிற பழைய மாணவர் முதலில் கேட்பது "எத்தனை கம்ப்யூட்டர் வேணும்?" என்பதைத்தான்.

கணினியே இல்லாத வழியை முதலில் எடுத்துக்கொள்வோம். நன்கொடையாளருக்கு இது பிடிக்காது, ரிப்பன் வெட்ட எதுவும் இருக்காது. நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் டிம் பெல் குழுவினர் வளர்த்த முறை இது. ஐந்து அட்டைகளில் 16, 8, 4, 2, 1 என்று புள்ளி வைத்து ஐந்து பிள்ளைகளிடம் கொடுங்கள். 21 வேண்டுமென்றால் 16, 4, 1 மூன்றும் திரும்பும், மற்றவை மூடியிருக்கும். திரும்பியதற்கு 1, மூடியதற்கு 0 என்று வைத்து 10101 என்று கரும்பலகையில் எழுதினால், 0, 1 மட்டுமே கொண்ட இரும எண்முறை புரிந்துவிடும். ஐந்து அட்டையில் 0 முதல் 31 வரை வரும். ஆறாவது அட்டையில் எத்தனை புள்ளி என்று கேட்டுவிட்டு டீச்சர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். 18, 20 என்றெல்லாம் சொல்லிவிட்டு அவர்களே 32-க்கு வருவார்கள். இங்கே வழக்கமாக வரும் பிழை, அட்டை பிடிக்கிற பிள்ளைகளைத் தங்கள் இடமிருந்து வலமாக நிற்கவைப்பது. எதிரே இருக்கும் வகுப்புக்கு எண் தலைகீழாகத் தெரியும். 1 உள்ள அட்டை, பார்ப்பவர்களின் வலக்கை ஓரத்தில் இருக்க வேண்டும்.

அடுத்து வரிசைப்படுத்துதல். ஒரே மாதிரி எட்டு டப்பா, வெவ்வேறு எடையில் மணல், மளிகைக் கடைத் தட்டுத்தராசு ஒன்று. (ஒரு வாளி மணலுக்கு யாரும் கேஸ் போட மாட்டார்கள்.) ஒரு நேரத்தில் இரண்டு டப்பாவை மட்டுமே ஒப்பிடலாம் என்பது விதி. மிக இலேசானதைத் தேடி எடுத்து ஓரமாக வைத்து, மீதியில் மறுபடி தேடினால் மொத்தம் 28 முறை நிறுக்க வேண்டும். ஒரு டப்பாவை நடுவில் வைத்து, அதைவிட இலேசு இந்தப் பக்கம், கனம் அந்தப் பக்கம் என்று பிரித்துக்கொண்டே போனால் சராசரியாக 17 முறை போதும். அதிருஷ்டம் கெட்ட வரிசையாக அமைந்தால் இந்த முறையும் 28-க்குப் போகும், அதையும் செய்து காட்டிவிட வேண்டும். டப்பாக்களுக்கிடையே 20 கிராமாவது வித்தியாசம் வையுங்கள், இல்லாவிட்டால் தராசு அசையாது. மணலுக்கு மேல் காகிதத்தைத் திணித்து இறுக்குங்கள். சத்தம் கேட்டால் ஆட்டிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். இதை நடத்தக் கணக்கு டீச்சர் போதும். ஆனால் எட்டாம் வகுப்பிலிருந்து அட்டை அலுத்துவிடும், தான் எழுதிய நிரல் ஓடுகிறதா என்று பார்க்கக் கணினிப் பெட்டி வேண்டும்.

அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளியென்றால் ஹைடெக் லேப் இருக்கும். அங்கே பெட்டி கேட்காதீர்கள், பீரியட் கேளுங்கள். எமிஸ் என்கிற மாணவர் விவரத் தளத்தில் பதிவு, இணையவழித் தேர்வு என்று அறை நிறைந்துவிடுகிறது. மென்பொருள் நிறுவ அனுமதியில்லாத கணினியில், பெண்டிரைவ் முடக்கப்படவில்லை என்றால், பைத்தான் நிரல் எழுதும் தானி (Thonny) என்கிற மென்பொருளை நிறுவாமலேயே அதிலிருந்து ஓட்டலாம். அதற்கென்றே ஒரு பதிப்பு உண்டு.

நெல்லைச் சீமையில் உதவிபெறும் பள்ளிகள் ஏராளம். லேப் இல்லாத இடத்தில் நிர்வாகமும் பழைய மாணவர்களும்தான் கை கொடுக்க வேண்டும். உண்மையான போட்டி அங்கேதான்: கம்பெனிகள் கழித்துவிட்ட டெஸ்க்டாப்பா, உள்ளங்கை அளவுக் கணினியான ராஸ்பெரி பையா?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. இன்டெலின் நான்காம் தலைமுறை ஐ5 சிப் உள்ள பெட்டிகள் விண்டோஸ் 11-க்கான தகுதிப் பட்டியலில் இல்லை என்பதால் கழித்துத் தள்ளுகிறார்கள். பள்ளிக்கு அது நல்லதுதான். 8 ஜிபி ரேம், 240 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்) போட்டு லினக்ஸ் மின்ட் என்கிற இலவச இயங்குதளத்தை ஏற்றினால் பைத்தான் வகுப்புக்குத் தாராளம். பழைய ஹார்டு டிஸ்க்கோடு மட்டும் வாங்காதீர்கள், நாற்பது நிமிட வகுப்பில் பத்து நிமிடம் திரையைப் பார்த்துக்கொண்டே போய்விடும்.

ராஸ்பெரி பை சிறியது, அழகானது, மின்சாரம் கொஞ்சமாகக் குடிக்கும். போர்டு விலையைப் பார்த்து மயங்கத் தோன்றும். அதனுடன் 5 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர், எஸ்டி கார்டு, விசைப்பலகை, மானிட்டர், மைக்ரோ எச்டிஎம்ஐ கேபிள் எல்லாம் சேர்த்தால் கழித்த டெஸ்க்டாப்பின் விலைக்கே வந்து நிற்கும். பழைய விஜிஏ மானிட்டரில் நேராகச் சொருகவும் முடியாது. கார்டில் பதிவாகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எஸ்டி கார்டு கெட்டுப்போகலாம். கார்டைப் படிக்க மட்டும் என்று பூட்டும் வசதி ராஸ்பி கான்ஃபிக் என்கிற அமைப்புக் கருவியில் உண்டு. பூட்டினால் பிள்ளைகள் செய்ததைப் பெண்டிரைவில்தான் சேமிக்க வேண்டும்.

கரண்ட் கணக்கில் பை ஜெயிக்கிறது. கூடங்குளம் உலையும் காற்றாலைகளும் இருக்கிற மாவட்டம்தான், இருந்தாலும் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்ட்டை நிறுத்திவிடுவார்கள். மானிட்டரோடு டெஸ்க்டாப் 60 முதல் 80 வாட், பை 25 வாட் அளவு. 900 விஏ இன்வெர்ட்டர், 150 ஏஎச் பேட்டரியில் ஐந்து டெஸ்க்டாப் சுமார் மூன்று மணி நேரம் ஓடும். பத்தைச் சேர்த்தால் அந்த இன்வெர்ட்டர் தாங்காது. பத்துப் பை ஓடும்.

ஆனாலும் எங்கள் ஓட்டு ஐந்து டெஸ்க்டாப்புக்குத்தான். காரணம் ரிப்பேர். பவர் சப்ளை போனால் பாளையங்கோட்டையிலோ வள்ளியூரிலோ அன்றைக்கே மாற்றிவிடலாம். பை போர்டு போனால் ஆன்லைனில் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். உவரி, கூடங்குளம் பக்கம் உப்புக்காற்றில் ரேம் முனைகள் கறுத்துத் திரை வராமல் போகும். கழற்றிப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கோடை விடுமுறை முடிந்து ஜூனில் திறந்ததும் "இணையம் வேலை செய்யலை" என்று புகார் வந்தால் முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள். தேதியைக் காக்கிற சிஆர்2032 பொத்தான் பேட்டரி தீர்ந்து தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் பெரும்பாலான தளங்கள் திறக்காது. நெட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

பெற்றோரின் செல்போனிலேயே சொல்லிக்கொடுக்கலாமே என்பவர்கள் அதில் பத்து வரி நிரல் அடித்துப் பார்க்கட்டும். விசைப்பலகை பாதித் திரையை மறைத்துக்கொள்ளும்.

தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி சொல்ல வேண்டும். பைத்தான் 3-இல் மாறிக்கு (மதிப்பைப் போட்டுவைக்கிற இடத்துக்கு) தமிழிலேயே பெயர் வைக்கலாம். மதிப்பெண் = 45 என்று எழுதினால் ஏற்றுக்கொள்ளும். கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலம். தமிழ்99 விசைப்பலகை அமைப்பிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்ற மறந்துவிட்டு அடிப்பதால்தான் முதல் வாரம் பாதிப் பிழைகள் வரும். ஆகவே விசைப்பலகை மாற்றும் குறுக்குவிசையை மானிட்டர் ஓரத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடும்போது "கணினி வசதி செய்து தர வேண்டும்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். இப்படி எழுதலாம்: "6, 7-ஆம் வகுப்புகளுக்கு வாரம் ஒரு பீரியட் அட்டைவழிப் பாடம், 8, 9-க்கு வாரம் ஒருமுறை தொடர்ந்து இரண்டு பீரியட் லேப், பெட்டிக்கு இருவர், பொறுப்பாசிரியரின் பெயர், பேட்டரி, எஸ்எஸ்டி மாற்ற ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய், அறையின் இரண்டாவது சாவி யாரிடம்." கடைசி வரி முக்கியம். பொறுப்பாசிரியர் லீவு போட்ட நாளில் வகுப்பு நடக்குமா என்பது அந்தச் சாவியில்தான் இருக்கிறது.