ஆஸ்டின் தமிழ்க் குடும்பங்களே, கேம்பிங் ஏற்பாட்டாளரிடம் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஆஸ்டின், ரவுண்ட் ராக், சீடர் பார்க் பக்கம் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு, தெரிந்த குடும்பங்களுக்கும் அனுப்புங்கள். மாநிலப் பூங்காக்களில் 'குடும்பக் கேம்பிங்' ஏற்பாடு செய்து தருவதாக நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒருவர் விளம்பரம் போட்டுக்கொண்டிருக்கிறார். டென்ட், மெத்தை, இரவுச் சாப்பாடு, வழிகாட்டியோடு இயற்கை நடை, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை. மார்ச் மாதக் கடைசியில் அவரை நம்பி பெடர்னாலஸ் அருவி மாநிலப் பூங்காவுக்குப் போய், பணத்தையும் இழந்து, இரவில் கார் ஓட்டிக்கொண்டு வீடு திரும்பினோம். அதே ஆள் இப்போது மே மாதக் கடைசியில் வரும் நீண்ட வார விடுமுறைக்கு ஆள் சேர்க்கிறார். அவர் பெயரைப் பொதுவில் எழுதப் போவதில்லை. அவர் செய்யும் முறையைச் சொன்னாலே, விளம்பரத்தைப் பார்த்தவர்களுக்கு ஆள் புரிந்துவிடும்.

ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமனாரையும் எங்களோடு அழைத்துப் போனோம். அவருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் தொந்தரவு உண்டு. இரவில் முகத்தில் பொருத்திக்கொள்ளும் இயந்திரம் இல்லாமல் அவரால் படுக்க முடியாது. முழங்கால் வலியும் இருக்கிறது. இதையெல்லாம் சொல்லித்தான், பணம் அனுப்பும் முன் தொலைபேசியில் கேட்டேன்: "மின்சாரம் இருக்கும் இடம்தானே?"

"அண்ணா, கவலையே படாதீர்கள். காரை நிறுத்தினால் பத்தடியில் டென்ட். பிளக் பாயின்ட், தண்ணீர்க் குழாய் எல்லாம் அங்கேயே இருக்கிறது. பெரியவருக்கு ஒரு சிரமமும் வராது" என்றார். ஓக் மர நிழலில் மேசையும் மின்கம்பமும் தெரியும் படம் ஒன்றையும் அனுப்பிவைத்தார். 340 டாலர் கட்டினோம்.

பூங்கா வாசலில் எங்கள் பெயரில் எந்த முன்பதிவும் இல்லை. ஏற்பாட்டாளரின் பெயரைச் சொன்னதும் அங்கிருந்த பெண் ஊழியர் கணினியில் தேடினார். பிறகு ஒரு வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்து, பேனாவால் கோடு போட்டுக் காட்டினார். வாகன நிறுத்தத்தில் தொடங்கிய கோடு உல்ஃப் மவுன்டன் நடைபாதை வழியே போய்க்கொண்டே இருந்தது. "இங்கிருந்து இரண்டு மைல் நடக்க வேண்டும். குடிநீர் கிடையாது, மின்சாரம் கிடையாது, விறகு மூட்டக் கூடாது. குடிக்கத் தண்ணீர் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், மாமனாரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்.

இந்தப் பூங்காவில் தங்குவதற்கு இரண்டு வகை இடங்கள் உண்டு. காரை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தக்கூடிய, தண்ணீரும் மின்சாரமும் உள்ள இடங்கள் ஒரு வகை. இரவுக்கு 20 டாலர். மூட்டை தூக்கிக்கொண்டு நடந்து போய்ச் சேரும் காட்டு முகாம் இன்னொரு வகை. அதற்குப் பாதிதான் கட்டணம். டெக்சஸ் மாநிலப் பூங்காக்களில் ஐந்து மாதங்களுக்கு முன்பிருந்தே முன்பதிவு செய்யலாம். வசந்த காலத்து வார இறுதி என்றால் மின்சார இடங்கள் வெகு சீக்கிரம் தீர்ந்துபோகும். கடைசி நேரத்தில் மிஞ்சுவது நடந்து போகும் இடங்கள்தான். அவர் அவற்றைப் பிடித்துக்கொண்டு, மற்ற வகையின் படத்தைக் காட்டி எங்களிடம் விற்றிருக்கிறார். நுழைவுக் கட்டணம் என்று தலைக்குப் பத்து டாலர் வீதம் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்தே வாங்கியிருந்தார். உண்மையில் பெரியவர்களுக்கு ஆறு டாலர். பன்னிரண்டு வயது வரை கட்டணமே கிடையாது. அதையும் அவர் கட்டியிருக்கவில்லை. மூன்று பெரியவர்களுக்கான 18 டாலரை வாசலில் நாங்களே மறுபடியும் கட்டினோம்.

அவர் வந்து சேர வெகுநேரம் ஆனது. பூங்காவுக்குள் கைபேசிக்குச் சிக்னல் சரியாகக் கிடைக்காததால் கூப்பிடவும் வழியில்லை. அதற்குள் இன்னும் சில குடும்பங்கள் வந்து, எங்களைப் போலவே வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றன. வேனில் வந்து இறங்கியவர் முகத்தில் கொஞ்சமும் கூச்சமில்லை. "கேம்பிங் என்றால் நடக்கத்தான் வேண்டும் அண்ணா, அதுதான் இயற்கை அனுபவம். மெதுவாகப் போய்விடலாம்" என்றார். இயந்திரத்துக்கு மின்சாரம் எங்கே என்று கேட்டேன். "ஒரு ராத்திரி தானே" என்றார். அந்த வார்த்தையைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. ஒரு முதியவரின் மூச்சைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு அவர் சொன்ன பதில் அது.

காலியாக வேறு இடம் இருக்கிறதா என்று ஊழியர் பொறுமையாகத் தேடிப் பார்த்தார்; எதுவும் இல்லை. நாங்கள் இரவு தங்குவதில்லை என்று முடிவெடுத்தோம். சின்னக் குழந்தையோடு வந்திருந்த ஒரு குடும்பம் மட்டும் தங்கியே தீருவது என்று இருந்ததால், அவர்களுடைய சாமான்களைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். பாதை நன்றாகத்தான் இருக்கிறது. இரு பக்கமும் சீடர் மரங்கள், இடையிடையே சிறு ஓடைகள். வெறுங்கையோடு நடந்தால் மனதுக்கு அவ்வளவு இதமாக இருக்கும். டென்ட் பையும் தண்ணீர்க் கேனும் குழந்தையுமாக நடப்பது வேறு.

முகாம் இடத்தில் பையை அவிழ்த்தோம். டென்டின் கம்பிகளில் ஒன்று உடைந்து, பிளாஸ்டர் டேப் சுற்றியிருந்தது. மழைக்கு மேலே போடும் துணி இல்லை. அங்கே மண் ஒரு சாண்கூட இல்லை, கீழே முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. அவர் கொடுத்திருந்த மெல்லிய முளைகள் கல்லால் ஒரு தட்டுத் தட்டியதும் கொக்கி போல வளைந்துகொண்டன. கடைசியில் கயிறுகளைப் பெரிய கற்களில் கட்டி நிறுத்தினோம். காற்று மெத்தையை எடுத்தால், அதோடு வைத்திருந்த பம்ப் சுவரில் செருகும் வகை. மின்சாரமே இல்லாத இடத்துக்கு மின்சார பம்ப்! இரவுச் சாப்பாடு என்பது ஆறிப்போன புளியோதரைப் பொட்டலம்.

இவை எல்லாமே பணத்தோடு போகிற விஷயம். அடுத்ததை எல்லாப் பெற்றோரும் கவனிக்க வேண்டும். வழிகாட்டியோடு இயற்கை நடை என்றவர், பிள்ளைகளை அருவிப் பகுதிக்கு அழைத்துப் போய், "துணி மாற்றிக்கொண்டு இறங்குங்கள், குளிக்கலாம்" என்றார். அருவிப் பகுதியில் நீரில் இறங்கவே கூடாது என்று அங்கே பலகை இருக்கிறது. நீந்துவதற்கு ஆற்றின் கீழ்ப்பகுதியில் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பெடர்னாலஸ் பார்ப்பதற்குச் சாதுவான ஆறு. படிப்படியான பாறைகளின் மேல் சுமார் 3,000 அடி தூரத்துக்குள் 50 அடி இறங்குகிறது. ஆனால் மேலே எங்கோ மழை பெய்தால், தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே சில நிமிடங்களில் வெள்ளம் வந்துவிடும். நீர் மட்டம் ஏறத் தொடங்கினால் உடனே மேட்டுக்கு ஓடச் சொல்லிப் பூங்காவே எச்சரிக்கிறது. இதே மலைப்பகுதியில் 2025 ஜூலை 4 அதிகாலையில் குவாடலூப் ஆறு பெருகி, கெர் கவுண்டியில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அதை டெக்சஸில் இருந்துகொண்டு மறக்க முடியுமா? அப்படிப்பட்ட ஆற்றில் அடுத்தவர் பிள்ளைகளை இறங்கச் சொல்கிறவர் எந்த வகையில் வழிகாட்டி? என் மனைவி பிள்ளைகளைக் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். சற்று நேரத்தில் பூங்காக் காவலரும் வந்து எல்லோரையும் எச்சரித்தார். காசு வாங்கிக்கொண்டு ஆட்களை இங்கே அழைத்து வந்து நடத்த முறையான அனுமதி வேண்டும், அது உங்களிடம் இருக்கிறதா என்று அவர் கேட்டபோது நம் ஆள் வேனைப் பார்த்து நடந்துவிட்டார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "நான் டென்ட் கொண்டுவந்தேன், நீங்கள்தான் தங்கவில்லை" என்று ஒரு செய்தி. அதற்கு அடுத்து நான் குழுவிலிருந்து நீக்கப்பட்டேன். இப்போது சுற்றும் புதிய விளம்பரத்தில், அருவியைப் பார்க்கும் மேட்டில் என் பிள்ளைகள் நிற்கும் படம் இருக்கிறது. எங்களைக் கேட்காமல் எடுத்தது, கேட்காமல் போட்டது.

பணம் கட்டிவிட்டவர்கள் உடனே முன்பதிவு எண்ணையும், தங்கும் இடத்தின் வகையையும் எண்ணையும் எழுத்தில் கேளுங்கள். மாநிலப் பூங்காத் துறையின் வாடிக்கையாளர் தொலைபேசியிலோ பூங்கா அலுவலகத்திலோ அந்த வகை இடத்துக்குக் கார் போகுமா, மின்சாரம் உண்டா என்று நீங்களே கேட்டுக்கொள்ளலாம். இரண்டு நிமிட வேலை. எண்ணைத் தர மறுத்தால் அங்கே இடமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஜெல் (Zelle) என்ற, வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் அனுப்பும் வசதி வழியாக மட்டுமே பணம் கேட்கிறார். அப்படி நீங்களாக அனுப்பும் பணம் ரொக்கம் கொடுத்த மாதிரிதான். வங்கி அதைத் திரும்ப வாங்கித் தருவது அரிது. ஒருவேளை யாராவது கடன் அட்டையில் கட்டியிருந்தால், கணக்கு அறிக்கை வந்த 60 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். இல்லையென்றால் டெக்சஸ் அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுக்கலாம். 20,000 டாலர் வரையிலான வழக்குகளை, சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் ஜஸ்டிஸ் கோர்ட்டில் வழக்கறிஞர் இல்லாமலே நடத்தவும் முடியும்.

நான் புகார் கொடுத்துவிட்டேன். வழக்குக்கான மனுவையும் தயார் செய்துகொண்டிருக்கிறேன். அன்று வாசலில் எங்களோடு நின்ற குடும்பங்களும், அதற்கு முன் வேறு பூங்காக்களில் இவரிடம் பணம் கொடுத்தவர்களும், அவர் அனுப்பிய படங்கள், செய்திகள், பணம் கட்டிய ரசீது ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருங்கள். எனக்குத் தனிச் செய்தியில் அனுப்பினால் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தே நீதிமன்றத்தில் கொடுக்கிறேன்.