குரோனிக் ஜெம்: "நெக்ஸ்ட் ஃபிரைடே" என்றால் எந்த வெள்ளி?

ருபி என்ற நிரல்மொழியில் குரோனிக் என்று ஒரு ஜெம், அதாவது நம் நிரலில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்பு, இருக்கிறது. "டுமாரோ", "த்ரீ இயர்ஸ் அகோ", "திஸ் டியூஸ்டே அட் 5" என்று ஆங்கிலத்தில் வாயால் சொல்வதை அப்படியே எழுதிக் கொடுத்தால், அதைத் தேதியும் நேரமுமாக மாற்றித் தரும். உருவாக்கியவர் டாம் பிரஸ்டன்-வெர்னர், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். வீட்டாருக்காக நான் எழுதிய ஒரு சின்ன நினைவூட்டல் செயலியில் இதைத்தான் வைத்திருக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த ஜெம், ஆனால் நிறுவியதும் அப்படியே ஓட விடக்கூடாத ஜெம்.

முதலில் நல்லது. தேதியைத் தேர்ந்தெடுக்கும் நாட்காட்டிப் பெட்டியோடு போராடாமல் ஒரே வரியில் தட்டிவிட்டுப் போகலாம் என்பது பெரியவர்களுக்கு எவ்வளவு நிம்மதி என்று பார்த்தால்தான் தெரியும். டுமாரோவை ஒரு எழுத்து கூட்டியோ குறைத்தோ எழுதினாலும் புரிந்துகொள்கிறது. எண்களைச் சொல்லாக எழுதினாலும் சரி. புரியாத சொல்லைத் தாண்டிப் போய்விடுவதால், நம் ஊர் வழக்கப்படி "கமிங் ஃபிரைடே" என்று எழுதினாலும் வெள்ளிக்கிழமை கிடைத்துவிடுகிறது. ஒன்றுமே பிடிபடவில்லை என்றால் நில் என்ற வெற்று மதிப்பு வரும், பிழை எறியாது.

அப்புறம் சிக்கல். சித்தி மகள் கல்யாணத்துக்கு "சண்டே 5:30" என்று போட்டேன். முகூர்த்தம் விடியற்காலையில். வந்தது மாலை 5:30. ஏ.எம்., பி.எம். சொல்லாத நேரத்தைக் குரோனிக் காலை 6 முதல் மாலை 6 வரைக்குள் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளும், ஆவணத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. அலுவலகக் கூட்டத்துக்கு இது மிகச் சரியான ஊகம். பிரம்ம முகூர்த்தம், மார்கழி பூஜை, அதிகாலை ரயில் எல்லாம் இருக்கிற வீட்டுக்குச் சரிவராது. ஆம்பிகுவஸ் டைம் ரேஞ்ச் என்ற அமைப்பை நன் (எதுவும் வேண்டாம்) என்று வைத்தால் இந்த ஊகத்தை விட்டுவிடும்.

அதேபோல 03/04/2011 என்று கொடுத்தால் அமெரிக்க முறைப்படி மார்ச் 4 என்று படிக்கும். நமக்கு அது ஏப்ரல் 3. இதில் மோசமான பகுதி என்னவென்றால் 25/12 என்று எழுதினால் 25-ஆவது மாதம் கிடையாது என்பதால் அது சரியாகவே டிசம்பர் 25 ஆகிவிடும், ஆகவே சோதித்துப் பார்க்கும்போது எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றி, 12-ஆம் தேதிக்குள் வருகிற நாட்கள் மட்டும் சத்தமில்லாமல் இடம் மாறிப் போகும். நாளா மாதமா எது முதலில் என்று சொல்லும் எண்டியன் பிரிசிடென்ஸ் அமைப்பில், நாள் முதலில் என்பதற்கான லிட்டிலை முன்னால் போட வேண்டும். முதல் நாளே.

வெறும் "டுமாரோ" என்றால் நாளை மதியம் 12 மணி வரும். ஒரு முழு நாளின் நடுப்புள்ளியைத் தருகிறது, அவ்வளவுதான். ஒரே நேரத்தை ஊகிக்கச் சொல்லும் கெஸ் என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கி நிறுத்தினால் அந்த நாளின் தொடக்கமும் முடிவும் சேர்ந்து கிடைக்கும், எனக்கு அதுதான் வசதி.

கிழமை விஷயம்தான் இன்னும் உறுத்துகிறது. திங்கட்கிழமை உட்கார்ந்து "திஸ் ஃபிரைடே" என்றாலும் "நெக்ஸ்ட் ஃபிரைடே" என்றாலும் குரோனிக்குக்கு ஒரே வெள்ளிதான், இன்னும் 4 நாளில் வருவது. நாம் "வர்ற வெள்ளி" என்றும் "அடுத்த வெள்ளி" என்றும் பிரித்துத்தானே பேசுகிறோம்? ஆங்கிலம் பேசுகிறவர்களுக்குள்ளேயே இதில் ஒற்றுமை கிடையாது, அதனால் ஜெம்மைக் குறை சொல்ல மாட்டேன். இதற்கு அமைப்பு எதுவும் இல்லை, புரிந்துகொண்ட தேதியைப் பயனருக்கு உடனே திருப்பிக் காட்டுவதுதான் வழி. "ஜூன் 14, வெள்ளி, காலை 5:30, சரியா?" என்று பெட்டிக்குக் கீழேயே ஒரு வரி.

சர்வர் யு.டி.சி. என்னும் உலகப் பொது நேரத்தில் ஓடினால் இன்னொரு கவனம். நமக்கு நள்ளிரவு தாண்டி காலை 5:30 வரை அங்கே இன்னும் நேற்றுதான், அந்நேரம் "டுமாரோ" என்றால் நம் இன்றைய தேதியே வந்து நிற்கும். ருபியில் வலைச் செயலி எழுத உதவும் ரெயில்ஸில், குரோனிக்கின் டைம் கிளாஸை நம் நேர மண்டலம் வைத்த டைம் ஸோனுக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது.

பி.எச்.பி. என்ற நிரல்மொழிக்காரர்களுக்கு, இதே வேலையைச் செய்யும் ஸ்டர்டோடைம் மொழியிலேயே இருக்கிறது. அதில் சாய்கோடு போட்டால் மாதம் முதலில், சிறுகோடு போட்டால் நாள் முதலில் என்று தெளிவான விதி உண்டு, அது எனக்குப் பிடிக்கும். ஆனால் ஜனவரி 31-இலிருந்து "பிளஸ் ஒன் மன்த்" கேட்டால் சாதாரண ஆண்டில் மார்ச் 3 வரும். வாடகை, தவணை போடுகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனிதர் தட்டச்சு செய்து, மனிதரே உறுதிசெய்கிற இடத்துக்குக் குரோனிக்கைத் தயங்காமல் எடுப்பேன். எக்செல் கோப்பிலிருந்து ஆயிரம் பில் தேதிகளை யாரும் பார்க்காமல் ஏற்றுவதற்கு எடுக்க மாட்டேன், அங்கே வடிவத்தைக் கறாராகச் சொல்லிப் படிக்கும் ருபியின் ஸ்டர்ப்டைமே போதும்.