சோலாரிஸா, பிளைண்ட்சைட்டா?

மனித மூளைக்கு எட்டவே எட்டாத வேற்றுக்கிரக உயிர்களைப் பற்றிப் படிக்க வேண்டுமென்றால் நான் கைகாட்டுவது இந்த இரண்டு நாவல்களைத்தான். ஸ்தனிஸ்வாஃப் லெம் 1961இல் எழுதிய சோலாரிஸில், ஒரு கோளையே மூடிக்கிடக்கும் கடல், கதாநாயகன் கெல்வினின் இறந்துபோன மனைவியை அவன் நினைவிலிருந்தே உருவாக்கி அனுப்புகிறது. அவள் உடையில் பொத்தான்கள் வெறும் அலங்காரம், திறக்க வழியே கிடையாது, கத்தரிக்கோலால் வெட்டித்தான் கழற்ற வேண்டும், அந்த இடத்தில் எனக்கு உடம்பே சில்லிட்டுப்போனது. கடலுக்கு என்னதான் வேண்டும் என்பது கடைசிவரை தெரியாது.

பீட்டர் வாட்ஸின் பிளைண்ட்சைட் (2006) நேரடியான அச்சுறுத்தல். அதில் வரும் வேற்றுக்கிரக உயிர்களுக்கு அபார அறிவு உண்டு, ‘நான்’ என்ற உணர்வு மட்டும் இல்லை. நம் கண் ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் நொடித்துளிக்குள் அசைந்து பார்வையிலிருந்து தப்பிவிடுகின்றன. அறிவியல் கனம் இதில்தான் அதிகம், சரி, ஆனால் நடை கரடுமுரடு. புதிதாகத் தொடங்குபவர்கள் சோலாரிஸையே எடுங்கள்.