கோப்பர்னிகஸ் காலநிலைச் சேவை: வெப்பத்துக்கு நம்பலாம், மழைக்கு நிதானம் வேண்டும்

இந்தப் பருவம் உலகில் எங்கே வழக்கத்தைவிடச் சூடு, எங்கே மழை கூடுதல், எங்கே பொய்த்தது என்று ஒரே இடத்தில் பார்க்க, இன்று கிடைப்பவற்றில் ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்னிகஸ் காலநிலைச் சேவைக்கே முதலிடம் தரலாம். கட்டணம் இல்லை. படங்களைப் பார்க்கப் பதிவு செய்யவும் வேண்டாம். ஆனால் வெப்பநிலைப் படத்துக்குத் தரும் நம்பிக்கையை அப்படியே மழைப் படத்துக்கும் தந்துவிடக் கூடாது.

எந்தப் படத்தைத் திறந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, எந்த ஆண்டுகளின் சராசரியோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்பதைத்தான். 2024-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பர்னிகஸ் கணக்கில் உலகச் சராசரி 15.10 டிகிரி செல்சியஸ். 1991–2020 சராசரியைவிட 0.72 டிகிரி கூடுதல். தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையாகக் கொள்ளப்படும் 1850–1900-ஐவிட 1.60 கூடுதல். அதே ஆண்டுக்கு நாசா 1.28 என்கிறது, ஏனென்றால் அவர்களின் அடிப்படை 1951–1980. மூன்றும் சரி. இந்த எண்களைக் கலந்து எழுதுவதால்தான் செய்திகளில் இத்தனை குழப்பம். கோப்பர்னிகஸ் 2021 தொடக்கத்தில்தான் 1981–2010-இலிருந்து 1991–2020-க்கு மாறியது. அதற்கு முந்தைய அறிக்கைகளின் விலகல் எண்களை (சராசரியிலிருந்து எவ்வளவு கூடியது, குறைந்தது என்பதை) இன்றைய எண்களோடு நேராக ஒப்பிட முடியாது.

வெப்பநிலைப் பகுதியில் குறை சொல்ல அதிகம் இல்லை. 1940 முதலான ஈஆர்ஏ5 மறுபகுப்பாய்வுத் தரவே இதன் அடித்தளம்; பழைய அளவீடுகளைக் கணினி வானிலை மாதிரியோடு இணைத்து உலகம் முழுவதற்கும் கட்டம் கட்டமாகத் தருவதுதான் மறுபகுப்பாய்வு. உலக வெப்பநிலையைக் காட்டும் இச்சேவையின் கிளைமேட் பல்ஸ் பக்கம் நாள்தோறும் புதுப்பிக்கப்படுகிறது. 2024 ஜூலை 22 அன்று உலகச் சராசரி 17.16 டிகிரியைத் தொட்டது அதில் பளிச்சென்று தெரியும்.

மழைதான் சிக்கல். ஈஆர்ஏ5-இன் மழை என்பது மழைமானியில் அளந்தது அல்ல, அந்தக் கணினி மாதிரி கணித்துத் தருவது. ஒரு கட்டம் சுமார் 30 கி.மீ. அகலம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டிய 95 செ.மீ. போன்ற மழை அந்த அகலத்தில் பரவி மங்கிவிடும். ஊர் அளவில் பேச வேண்டுமானால் இந்திய வானிலைத் துறையின் மழைமானி அளவுகளையோ, செயற்கைக்கோளையும் மழைமானியையும் இணைத்துத் தரும், 0.05 பாகைக் கட்டம் கொண்ட சிர்ப்ஸ் தரவையோ பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விழுக்காட்டுப் படமும் ஏமாற்றும். 5 மி.மீ. இயல்பாக உள்ள பாலையில் 15 மி.மீ. பெய்தால் 200 விழுக்காடு கூடுதல் என்று கரும்பச்சையாகத் தெரியும், 300 மி.மீ. பெய்ய வேண்டிய இடத்தில் 90 மி.மீ. குறைந்தால் வெறும் 30 விழுக்காடு. வேளாண்மையை வதைப்பது இரண்டாவதுதான். மி.மீ. படத்தையும் சேர்த்தே படியுங்கள்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இன்னொரு இடர். பருவ அறிக்கைகள் டிசம்பர்–பிப்ரவரி, மார்ச்–மே, ஜூன்–ஆகஸ்ட், செப்டம்பர்–நவம்பர் என்றே பிரிக்கின்றன. நம் வடகிழக்குப் பருவமழை அக்டோபர்–டிசம்பர். அது இரண்டு துண்டாகிவிடும். மாதாந்திர நீரியல் அறிக்கையின் எழுத்தும் பெரும்பாலும் ஐரோப்பாவையும் வெப்பமண்டலத்துக்கு வெளியே உள்ள நிலங்களையும் பற்றியதே. ஆகவே தரவை இறக்கி நாமே கணக்கிடுவதுதான் வழி.

அதற்குக் கோப்பர்னிகஸின் காலநிலைத் தரவுக் களஞ்சியத்தில் பதிவு செய்து, அந்தத் தரவுத் தொகுப்பின் உரிம நிபந்தனையை ஒருமுறை ஏற்க வேண்டும். ஏற்காவிட்டால் பைத்தான் நிரல் எத்தனை முறை கேட்டாலும் மறுக்கப்படும். மாதச் சராசரிக் கோப்பில் மழை, ஒரு நாளைக்கு இத்தனை மீட்டர் என்ற அலகில் இருக்கும். 0.012 என்று கண்டால் 1000-ஆல் பெருக்கி, மாதத்தின் நாட்களாலும் பெருக்குங்கள்: நவம்பருக்கு 360 மி.மீ. நாட்களால் பெருக்க மறந்தால் பெருமழை மாதம் வறட்சியாகத் தெரியும். வெப்பநிலை கெல்வினில் இருக்கும், 273.15-ஐக் கழிக்க வேண்டும். உலகச் சராசரி எடுக்கும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் அட்சரேகையின் கொசைன் மதிப்பை எடையாகக் கொடுங்கள். இல்லையென்றால் பரப்பில் சிறிய துருவக் கட்டங்கள் கணக்கை இழுத்துவிடும். ஆர்க்டிக் வேகமாகச் சூடாவதால் விலகல் ஊதிப் பெருகும். டிசம்பர்–பிப்ரவரிப் பருவத்தின் டிசம்பர் முந்தைய ஆண்டுக்குரியது. 1991 பருவத்துக்கு 1990 டிசம்பரை எடுக்க வேண்டும். கடைசி இரண்டு மூன்று மாதத் தரவு தற்காலிகமானது, பின்னர் திருத்தப்படலாம்.

முன்கணிப்புப் பகுதியில் பல நாடுகளின் மாதிரிகள் சேர்ந்து ஆறு மாதம் வரை காட்டுகின்றன. செப்டம்பர் வெளியீட்டில் அக்டோபர்–டிசம்பரை நேராகவே எடுக்கலாம், இது பெரிய வசதி. இங்கே ஒப்பீடு 1993–2016-உடன். மேலே சொன்ன 1991–2020 அல்ல. அந்த ஆண்டுகளை மழை அளவுப்படி வரிசைப்படுத்தி மூன்று சமப் பங்காக்கி, மேல் பங்கிலோ கீழ்ப் பங்கிலோ விழும் வாய்ப்பைத்தான் நிறம் சொல்கிறது. மேல் பங்குக்கு 45 விழுக்காடு என்றால், மேல் பங்கில் விழாமல் போக 55 விழுக்காடு வாய்ப்பு உண்டு. வெள்ளையாக விட்ட இடத்தை இயல்பான மழை என்று படிக்காதீர்கள். எந்தப் பக்கமும் சாய மாதிரிகளுக்குப் போதிய அறிகுறி கிடைக்கவில்லை என்பதே அதன் பொருள்.